பொம்மை விழுந்த படம்

இன்று காலை கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு கடையில் மழைக்கோட்டு பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் மடிப்பைப் பிரித்து என் தோளில் போட்டுவிட்டார். புது ரப்பர் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. படப்பிடிப்பில் கொடுத்த அந்த முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரே ரப்பர் நாத்தம்லே, மாட்டுனா மூச்சு முட்டுது" என்று நீ சிரித்தது ஞாபகம் வந்துவிட்டது. கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாரலில் இறங்கி நடந்தேன். உனக்கு நான் சொல்ல வேண்டிய பதில் ஒன்று இருக்கிறது. இரண்டு வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நாம் ஓயாமல் சண்டை போட்ட அந்தப் பழைய படத்தை முதலில் பார்த்தது ஆடலூர் டூரிங் கொட்டகையில். காப்பி பறிப்புக்குப் போயிருந்தோம், மீசை முளைக்காத வயசு. கறுப்பு வெள்ளைப் படம். பகலில் மில் கூலி, ராத்திரியில் முகமூடி மாட்டிக்கொண்டு முதலாளியின் ஆட்களை அடித்து நொறுக்குகிறவன் கதை. அவன் பறக்கிற காட்சி வந்ததும் தரை டிக்கெட்டு முழுக்கச் சிரித்தது. பறந்தது ஒரு பொம்மை. கயிறு தெரிந்தது. மலையுச்சியிலிருந்து குதிக்கும்போது அதன் ஒரு கை கழன்று தனியாக விழுந்தது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உருண்டாய்.

ஆனால் கடைசியில் அவன் முகமூடியைக் கழற்றி, மில் வாசலில் கூலிகளோடு கூலியாகப் போய் நின்றபோது கொட்டகையில் சத்தமே இல்லை. ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். எனக்கு அந்தப் படம் அதுதான். உனக்கு அது கை கழன்ற பொம்மை. அன்றைக்குப் பிடித்த சண்டை நமக்கு. நம் ஊர் பேத்துப்பாறைக்குத் திரும்பி, நீ பேரிக்காய்த் தோட்டத்தில் மரமேறியாகவும் நான் மிஷன் பள்ளியில் அட்டெண்டராகவும் ஆன பிறகும் விடவில்லை.

"கயித்துல தொங்குறவன் எப்படிலே வீரன்?" என்பாய்.

அதே கதையைக் கலரில் திரும்ப எடுக்கிறார்கள், கொடைக்கானலுக்கே வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் உனக்குத் தரையில் கால் பாவவில்லை. நான் கதையை விசாரித்துக்கொண்டு வந்தேன். இந்த முறை முகமூடிக்காரன் எஸ்டேட் முதலாளியின் மகன். வெளிநாட்டில் படித்துவிட்டு வருகிறான். கூலிகள் எல்லாரும் கைகட்டி நின்று, அவன் வந்து காப்பாற்றுவதற்காகக் காத்திருக்கிறார்கள். இதைவிடக் கேவலம் உண்டா என்று உன்னிடம் கத்தினேன். நீ பீடியைக் காது மடலில் சொருகிக்கொண்டு நிதானமாகச் சொன்னாய்: "கூலிக்காரனப் பாக்கணும்னா நான் வீட்டுல கண்ணாடியப் பாத்துக்கிறேன். காசு குடுத்துப் போறது பறக்குறதப் பாக்கத்தான்லே."



படப்பிடிப்பு நடந்த அன்று பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். நம் ஊருக்கு மேலே இருந்த பாறையில்தான் முகமூடிக்காரன் குதிக்கிற காட்சி. கதாநாயகனுக்குப் பதிலாகக் குதிக்க மெட்ராஸிலிருந்து வந்த சண்டைக்காரர் கீழே எட்டிப் பார்த்துவிட்டு, விழுவதற்கு அடுக்கிய அட்டைப்பெட்டி பற்றாது, இன்னும் கொண்டுவந்தால்தான் குதிப்பேன் என்று உட்கார்ந்துவிட்டார். மூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. வெளிச்சம் போய்விடும் என்று படக்கம்பெனி மேனேஜர் பறந்தார். உள்ளூரில் யாராவது இருக்கிறானா என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் நீ கை தூக்கியிருந்தாய். சட்டையைப் பிடித்து இழுத்தேன். தட்டிவிட்டாய்.

முதல் தடவை சண்டைக்காரர் சொன்னபடி முதுகைக் கொடுத்து விழுந்தாய். பெட்டிகள் நொறுங்கின. நீ தட்டிக்கொண்டு எழுந்து வந்தாய். டைரக்டருக்குத் திருப்தி இல்லை. மூட்டை விழுந்த மாதிரி இருக்கிறது, வீரன் இறங்குகிற மாதிரி இல்லை என்றார். நீதான் சொன்னாய், "பேரி மரத்துல எறங்குற மாதிரி எறங்கிக் காட்டவா சார்?" என்று.

நம் ஆட்கள் இறங்குகிற விதம் அது. அடிமரம் பாசி பிடித்து வழுக்கும், அதனால் கூடையைக் கயிற்றில் விட்டுவிட்டுத் தாழ்ந்த கிளையிலிருந்து எல்லாரும் குதித்துத்தான் இறங்குவார்கள். இரண்டு காலையும் சேர்த்து, முழங்காலை மடித்து, நேராக. சின்ன வயசிலிருந்து உன் உடம்பு அதைத்தான் படித்திருந்தது. மரத்தடியில் கொத்திப்போட்ட மண் உண்டு, கால் புதையும். பாறைக்குக் கீழே முதல் குதியில் நசுங்கிய பெட்டிகள் இருந்தன. மேலே நாலு பெட்டியை அடுக்கிச் சமாளித்தார்கள். முதுகைத் தாங்கும் பெட்டி காலைத் தாங்காது. சண்டைக்காரர் ஒரு தடவை சொன்னார், "கால் முன்னால வரக்கூடாது தம்பி." மேனேஜர் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு சண்டைக்காரர் வாயைத் திறக்கவில்லை.

அழகாகக் குதித்தாய். கறுப்புத் துணி பின்னால் விரிந்தது. பெட்டிகளைத் துளைத்துக்கொண்டு கால் பாறையில் போய் நின்ற சத்தம் மேலே நின்ற எனக்குக் கேட்டது. அந்தச் சத்தம் படத்தில் இல்லை. அங்கே மேளம் அடிக்கிறார்கள்.

ஜீப்பில் உன்னை ஏற்றி மலையிறக்கினார்கள். மறுநாள் மூட்டம் விலகியது என்று ஏரிக்கரையில் பாட்டு எடுத்தார்கள். பிறகு நானும் உங்கம்மாவும் போய்க் கேட்டபோது மேனேஜர் நாற்காலியை விட்டு எழாமலே பதில் சொன்னார். வேடிக்கை பார்க்க வந்தவன் தானாகக் குதித்துவிட்டான், கம்பெனிக்கு என்ன சம்பந்தம் என்றார். என் சத்தத்துக்குத்தான் வாட்ச்மேன் வந்து தள்ளினான்.

இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாமல் கிடந்தாய். முதுகில் புண் வைத்தது. உங்கம்மா உன்னைப் புரட்டிப் போட்டுக்கொண்டே ஜெபம் சொல்வார். நீ அப்போதும் படத்தைப் பற்றித்தான் பேசினாய். ஐப்பசி மழையில் ஒரு நாள் என் கையைப் பிடித்துச் சொன்னாய்.

"படம் வரட்டும். நீ பாத்துட்டுச் சொல்லு, பழசா புதுசா, எது பெருசுன்னு. எனக்காகப் பொய் சொல்லக்கூடாது."

படம் வந்தபோது நீ இல்லை.

டவுன் தியேட்டருக்கு உங்கம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. கல்லறைத் திருநாளுக்கு உடுத்துகிற வெள்ளைச் சேலையில் வந்தார். பாறையில் நீ நின்றதும் கண்டுபிடித்துவிட்டார். முகமூடிக்குள் இருந்தாலும் தோளைச் சாய்த்து நிற்பது நீதானே. நீ குதித்தாய். காலைச் சேர்த்து, முழங்காலை மடித்து. கால் பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் காட்சியை வெட்டிவிட்டார்கள். அடுத்து முதலாளி மகன் முகமூடியைக் கழற்றுகிறான். தலைமுடி கலையவில்லை.

தியேட்டரே எழுந்து விசிலடித்தது.

"யாருக்குய்யா விசிலடிக்காக?" என்று கேட்டார் உங்கம்மா.

"உங்க மகனுக்குத்தாம்மா."

"அது அவுகளுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொன்னேன். பிறகு அவர் திரையைப் பார்க்கவில்லை, மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டார், "நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டுக் கெடப்பீகளே, அந்தப் பழைய படம். அதுல குதிக்கிற எடத்துல என்ன செஞ்சாக?"

"ஒரு பொம்மையப் போட்டாங்கம்மா."

"அப்ப அதுதான்யா நல்ல படம்."

டீக்கடையில் இன்றைக்கும் அந்தப் பேச்சு வருகிறது. புதுசுக்குத்தான் ஆள் அதிகம். கலர், பாட்டு என்று தொடங்கி எல்லாரும் கடைசியில் வந்து நிற்பது அந்தக் குதியில். பழசில் பொம்மை, இதில் நிஜம் என்கிறார்கள். நான் உங்கம்மா சொன்னதைச் சொன்னேன். பெஞ்சில் இருந்த ஒருவர், நம்ம ஊர்க்காரர்தான், உன்னைத் தூக்கி வளர்த்தவர், டீயை ஆற்றிக்கொண்டே, "இருந்தாலும் அவனாத்தானப்பா கை தூக்குனான்" என்றார். ஆமாம், நீயாகத்தான் கை தூக்கினாய். நம்மைப் போன்றவர்கள் கை தூக்குவார்கள் என்று தெரிந்துதானே அவர்கள் கேட்டார்கள். இதைச் சொன்னால் அரசியல் பேசாதே என்கிறார்கள். பேச்சு மறுபடி பாட்டுக்குப் போய்விடுகிறது.

சரி, பதிலைச் சொல்லிவிடுகிறேன். உன் குதி பெரியது. அந்தக் கறுப்புத் துணி விரிந்த நேரத்தில் நான்கூட நீ பறக்கிறாய் என்று நம்பினேன். அதில் நீ ஜெயித்தாய். படம் பழசுதான் பெரியது. கயிறு தெரிந்தது, கை கழன்றது, ஆனால் ஆட்டம் முடிந்ததும் அந்தப் பொம்மையைப் பெட்டியில் போட்டு மூடி எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். எந்த அம்மாவும் எந்த மேனேஜர் முன்னாலும் போய் நிற்கவில்லை.

இன்னும் சில வாரத்தில் பேரி பறிப்பு தொடங்கிவிடும். பள்ளிக்குப் போகும் வழியில் தோட்டம். விடிய வெள்ளனே மரமேறியவர்கள் ஒவ்வொருவராகக் குதித்து இறங்குவார்கள், உன்னை மாதிரியே, காலைச் சேர்த்து. அங்கே யாரும் விசிலடிப்பதில்லை. மணி அடித்துவிடும் என்று தெரிந்தும் வேலியோரம் நின்றுவிடுகிறேன். குதித்தவன் எழுந்து கூடையைத் தூக்குகிறவரை எனக்குக் கால் நகர்வதில்லை.