இடது கணுக்கால்

மார்ச் 4, திங்கள்

முழங்கால் டாக்டர் நீந்தச் சொல்லிவிட்டார். "நீச்சல் தெரியுமா?" என்று வேறு கேட்டார். தெரியுமாவாம்! நாற்பத்தேழு வருடமாகத் தண்ணீரில் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

குளத்து விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: யாரிடம் கற்றீர்கள்? 'நானே' என்று எழுதினேன். கோடு மட்டும் இன்னும் நீளமாக இருந்திருந்தால், தையல் மெஷின் ரிப்பேரும் நானே கற்றதுதான் என்று சேர்த்திருப்பேன். முப்பது வருடம் ஒரு தொழிற்சாலையின் மெஷின்களை ஓட வைத்தவள் நான். ஒருவரும் பக்கத்தில் நின்று சொல்லித் தரவில்லை.

மார்ச் 6, புதன்

பயிற்சியாளர் என் மகளைவிடச் சின்னவள். கழுத்தில் விசில். ஓர் அட்டையை நீட்டி, "மூணு மாசத்துல என்ன செய்யணும்னு எழுதுங்கம்மா. 'நல்லா நீந்தணும்'னு பொதுவா எழுதக் கூடாது. அளந்து பார்க்கற மாதிரி இருக்கணும்" என்றாள்.

எழுதினேன்: இருநூறு மீட்டர். நிற்காமல். யாரும் சொல்லித் தராமல்.

"கடைசி வரி இலக்கு இல்லையேம்மா."

"எனக்கு அதுதான் இலக்கு."

இருநூறு என்பது சும்மா எழுதியதல்ல. நாங்கள் இருந்த தொழிலாளர் குடியிருப்புக்குப் பின்னால் கைவிட்ட கல்குவாரி ஒன்று, தண்ணீர் நிரம்பிக் கிடக்கும். குறுக்கே அவ்வளவு இருக்கும். அண்ணன் மதிய ஷிப்டுக்குப் போன பிறகு, மிச்சத் துணியை அலசுகிற சாக்கில் நான் இறங்குவேன். எதிர்க்கரையை ஒருநாள் தொட்டுவிட வேண்டும் என்றிருந்தேன். பதினாறு வயதில் அம்மா நிறுத்திவிட்டாள். அந்தக் கரை இன்னும் அப்படியே எதிரில் இருக்கிறது எனக்கு.

மார்ச் 8, வெள்ளி

ஒரு நீளம். இருபத்தைந்து மீட்டர். அப்புறம் பத்து நிமிடம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் பார்க்கவில்லை. விசில்காரி பார்த்தாள்.

மார்ச் 15, வெள்ளி

இரண்டு நீளம். ஒவ்வொரு முறையும், தடம் பிரிக்கக் கட்டிய இடது பக்கக் கயிற்றில் போய் முட்டுகிறேன். குளம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். வாங்கியவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

மார்ச் 20, புதன்

மகள் வந்திருந்தாள். நான் நீந்துவதை மாமாவிடம் சொல்லிவிட்டாளாம். யார் சொல்லச் சொன்னது?

"ஒன்பது வருஷம் ஆச்சும்மா. அவருக்கும் வயசாகுது. ஒரு போன் பண்ணினா என்ன கொறஞ்சிடும்?"

என் உரிமை குறைந்துவிடும். இவள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "இவளுக்கு நீச்சல் கத்துக் கொடுத்ததே நான்தான்" என்றான் அண்ணன். எத்தனையாவது தடவை! பொய் என்றேன், எல்லார் முன்னாலும். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். போனவன் போனவன்தான்.

ஒருநாள், ஒரே ஒருநாள், அவன் என்னைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டது உண்டா? கையைப் பிடித்து உதை என்று சொன்னது உண்டா? இல்லை. நான் ஏன் இறங்கி வர வேண்டும்?

ஏப்ரல் 3, புதன்

நான்கு நீளம், நின்று நின்று. கயிற்றில் ஏழு முட்டு.

விசில்காரி பொறுக்க முடியாமல் கிட்டே வந்துவிட்டாள். "அம்மா, திட்டாதீங்க. வலது பாதம் வெளியே திரும்பித் தண்ணியைத் தள்ளுது. இடது பாதம் சும்மா விறைச்சுக்கிட்டுப் பின்னாடியே வருது. அதான் சாயறீங்க. இடது கணுக்கால்ல எப்பவாவது அடி பட்டுதா?"

இல்லை என்றேன். கரையில் உட்கார வைத்துப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். நன்றாகத் திரும்பியது. "கால்ல ஒண்ணுமே இல்லையே! அப்புறம் எப்படி வந்தது இந்தப் பழக்கம்?"

கணுக்கால் உடைந்தது அண்ணனுக்கு. பதினான்கு வயதில், லாரியிலிருந்து குதித்து. கோணலாகச் சேர்ந்துவிட்டது. அது வெளியே திரும்பாது.

ஏப்ரல் 4, வியாழன்

குவாரிக் கரையிலிருந்து அவன் நீந்துவதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். நீச்சல் என்றால் அப்படித்தான் என்று நினைத்து, அவன் ஊனத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன் — இத்தனை வருடமும்.

ஏப்ரல் 8, திங்கள்

பாதத்தைத் திருப்பி நீந்தினேன். நேராகப் போனேன். கயிறு படவில்லை. விசில்காரி கை தட்டினாள்.

எனக்கு என்னவோ போலிருந்தது. அடுத்த நீளம் பழையபடி, இடது காலை விறைத்துக்கொண்டு போனேன். வேண்டுமென்றேதான். முட்டினேன். அந்தக் கால் என்னிடம் இருந்ததுகூடத் தெரியாமல் ஒன்பது வருடம் அவனோடு பேசாமல் இருந்திருக்கிறேன். அவன் குரல் எப்படி இருக்கும் இப்போது? யோசித்தால் சண்டைக் குரல்தான் வருகிறது. அதுகூடக் கேட்டால் போதும் போலிருக்கிறது.

இதை விசில்காரியிடம் சொல்ல முடியுமா?

ஏப்ரல் 19, வெள்ளி

காலையில் கூப்பிட்டேன். இரண்டு தடவை மணி அடிக்கும் முன்னால் எடுத்துவிட்டான்.

"யாரு?"

"நான்தான். நீ கத்துக் கொடுக்கலை. உன்னைப் பார்த்து நானா கத்துக்கிட்டேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

சொல்லிவிட்டு வைக்கப் போனேன்.

"ஏண்டி, அவ்வளவு பெரிய தண்ணி. நான் எதுக்குக் கரையை ஒட்டியே, அதுவும் நீ துவைக்கிற கல்லுக்கு எதிரிலேயே போயிட்டு வந்துட்டு இருந்தேன்னு நெனச்சே? அதுவும் ஆமை மாதிரி?"

"கால் சரியில்லை, நடுவுல போகப் பயம்."

"ஆமாமா, பயம்" என்றான். "உன்னை இறக்கினா அம்மா என் தோலை உரிச்சிருப்பா. பார்க்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

"பொய்."

"பொய்தான். வச்சுக்கோ."

அவனுக்கு இருமல் வந்தது. ரொம்ப நேரம் இருமினான். தண்ணி குடி என்றேன். குடிக்கிற சத்தம் கேட்டது.

ஏப்ரல் 20, சனி

மதிய ஷிப்டுக்குப் போகிறவன், நான் துவைக்கிற காலை நேரத்தில் தினமும் அங்கே ஏன் இருந்தான்?

குளிக்கத்தான் வந்திருப்பான். அப்படித்தான் இருக்கும்.

தினமுமா?

மே 12, ஞாயிறு

ஞாயிறு தோறும் அவனே கூப்பிடுகிறான். "எவ்வளவு ஆச்சு?" அதுதான் முதல் கேள்வி. நலமா என்றெல்லாம் கிடையாது. நிற்காமல் நூறு, இடது பக்கம் சாய்வதுதான் இன்னும் முழுசாகப் போகவில்லை என்றேன். "இடது பாதத்தை வெளியே திருப்பு. உடைஞ்சது என் காலு, உன் காலுக்கு என்ன கேடு?" எவ்வளவு சுளுவாகச் சொல்கிறான்! விசில்காரி சொன்னதையேதான் சொல்கிறான் என்று வாய் வரை வந்தது. விட்டுவிட்டேன்.

மே 31, வெள்ளி

எட்டு நீளம். நிற்காமல். இருநூறு.

கம்பியைத் தொட்டபோது எதிர்க்கரை மாதிரி இல்லை, ஓடு பதித்த சுவர் மாதிரிதான் இருந்தது. ஆனாலும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

அண்ணன் கூப்பிட்டான். எவ்வளவு ஆச்சு என்றான்.

நூற்றைம்பது என்றேன்.

"அவசரப்படாதே. இன்னும் ஐம்பதுதான். மூச்சை எப்படி விடணும்னு சொல்றேன், கேளு."

சொல்லு என்றேன்.