சாலமோன் கேட்காத ஸ்பிரிங்

என் சண்டைக்காரா, சாலமோனே,

நீ போன பிறகு உன்னிடம் ஒரு சண்டையில் ஜெயித்துவிட்டேன். எதிரில் ஆள் இல்லாமல் ஜெயிப்பது எவ்வளவு சுலபம் தெரியுமா? அந்த வெட்கத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உனக்கு மட்டும் சொன்னால் போதாது. நம் மெக்கானிக் ஷெட்டில் வேலை செய்பவர்களும் ஜீப் குரூப்பில் இருப்பவர்களும் என் பேச்சை நம்பியவர்கள். அதனால் எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. வண்டி ஓடுகிறது. பொதட்டூர்பேட்டையில் ஒரு மாட்டுக் கொட்டகையிலிருந்து லாரியில் ஏற்றிவந்தோமே, பின் சீட்டில் கோழி முட்டையிட்டு வைத்திருந்த அதே ஓட்டை ஜீப்தான். இப்போது பார்த்தால் உனக்கே அடையாளம் தெரியாது. நீ சொன்ன பச்சை நிறத்தையே அடித்திருக்கிறேன். அந்த ஒன்றில் உன் பேச்சைக் கேட்டேன்.

ஸ்பிரிங் விஷயத்தில் கேட்கவில்லை. பழைய கமான் பட்டைகளைக் கழற்றிவிட்டு நான்கு சக்கரத்துக்கும் சுருள் சுருளான காயில் ஸ்பிரிங் போடுவது என்பதில் நமக்குள் தகராறு இல்லை. எந்தக் காயில் என்பதில்தான் அடித்துக்கொண்டோம். எனக்குத் தடித்த கம்பி, நல்ல உயரம் வேண்டும். காட்டிலும் மேட்டிலும் ஓட்டுகிறவர்கள் கூடும் இடத்தில் நம் வண்டி மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்க வேண்டும். நீயோ மெல்லிய கம்பி போதும், உயரம் ஏற்றாதே என்று ஒரே பிடியாக நின்றாய்.

"உனுக்கு நாலு பேரு வாயப் பொளந்துக்கினு பாக்கணும். எனுக்கு எங்க அம்மா ஏறி உக்காரணும். போடா டேய்" என்று டீக்கடையில் எல்லோர் முன்பும் கத்தினாயே, நினைவிருக்கிறதா?

உன் அப்பாவின் கல்லறை ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம். மழை பெய்துவிட்டால் எந்த ஆட்டோக்காரரும் கரைமேல் ஏறமாட்டார். அம்மா இடுப்பு வலியோடு சேற்றில் நடந்துபோவதைப் பார்க்கச் சகிக்காமல்தான் நீ ஜீப் கட்டவே ஆரம்பித்தாய். எனக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு வண்டி ஷெட் மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அம்மாதான் ஒருநாள் வந்து, "முடிச்சுடு நைனா, பாதியில வுடாத" என்றார். சென்னைக்குப் போய் ஸ்பிரிங் கடையில் நின்றேன். வண்டியில் எப்போதும் எவ்வளவு பாரம் இருக்கும் என்பதுதான் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி. அதை வைத்துத்தான் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் முன்னால் இரும்பு பம்பர், சேற்றில் மாட்டினால் இழுக்க ஒரு வின்ச், மேலே கேரியர், பின்னால் டீசல் கேன்கள் என்று இல்லாத பாரத்தையெல்லாம் அடுக்கினேன். அந்த மனிதர் அதற்கு ஏற்றதைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

ஷெட்டுக்குக் கொண்டுவந்ததும் நம் வெல்டர் டில்லி அதைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தான்.

"அண்ணே, இது லோடு வண்டிக்குப் போடறதுண்ணே. நம்மளுது வெறும் வண்டி. அமுங்கவே அமுங்காது, ஆளத் தூக்கித் தூக்கிப் போடும். பேஜாராயிடும்."

அவன் சொன்னது நியாயம். அடுத்தவன் நியாயம் பேசினால் எனக்குக் கோபம்தான் வரும், உனக்குத் தெரியாததா? ஆனால் அன்று கோபம் வரவில்லை, அதைவிடக் கேவலமான ஒன்று வந்தது.

"சாலமோன் கேட்டதுடா. ஆஸ்பத்திரில படுத்துக்கினு எங்கிட்ட கேட்டான்" என்றேன்.

டில்லி உடனே ஸ்பிரிங்கைக் கீழே வைத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்பானரை எடுத்தான். செத்தவன் ஆசை என்று சொல்லிவிட்டால் எவன் எதிர்த்துப் பேசுவான்? நீ இருந்தபோது உன் பேச்சை மதிக்காத நான், நீ போன பிறகு உன் பெயரை வைத்துக் காரியம் சாதித்தேன்.

டில்லி நல்லது செய்வதாக நினைத்து அதை அம்மாவிடமும் சொல்லிவிட்டான்.

முதல் ஓட்டத்துக்கு அம்மா ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராக வந்தார். பானெட்டில் கை வைத்து ஜெபம் செய்தார். பிறகு ஏறுவதற்குக் காலைத் தூக்கினார். எட்டவில்லை. புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு மறுபடி தூக்கினார். அப்போதும் எட்டவில்லை. கடைசியில் பிளாஸ்டிக் சேர் போட்டு, பக்கத்துக் கம்பெனி கேன்டீன் அக்கா பின்னாலிருந்து தள்ள, நான் கையைப் பிடித்து இழுத்து, மூட்டை ஏற்றுவதுபோல் ஏற்றினோம். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும்தான். நான் மட்டும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

எளாவூர் வரை மெயின் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்துதான் போனோம். ஏரிக்கரையில் ஏறியதும் ஸ்பிரிங் தன் வேலையைக் காட்டியது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அம்மா சீட்டை விட்டு எழும்பி விழுந்தார். கைப்பிடிக் கம்பியைப் பிடித்த கை வெளுத்துப்போயிருந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன்.

"இன்னாத்துக்கு மெதுவா போற? எம்புள்ள ஆசப்பட்டு வச்சது. நல்லா ஓட்டு நைனா" என்றார்.

அங்கே கல்லறையில் இப்போது அப்பாவுக்குப் பக்கத்தில் நீயும் இருக்கிறாய். அம்மா உன்மேல் பூவை வைத்துவிட்டு, "உன் வண்டி ஜோரா கீது நைனா, ஒரு கொறயும் இல்ல" என்று உன்னிடம் சொன்னார். இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். உனக்குக் கேட்டதா?

அதன்பிறகு எல்லா ஞாயிறும் வந்தார். கொஞ்ச நாளில் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார். என்னால் தாங்க முடியவில்லை. வேறு ஸ்பிரிங் மாற்றிவிடலாம் என்று மெல்ல ஆரம்பித்தேன். என்னை ஒருநாளும் கடிந்து பேசாத அம்மாவுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. "அவன் கேட்டத மாத்தறதுக்கு நீ யாரு?" என்றார். நான் சொன்ன பொய்யைக் காப்பாற்ற அம்மா தன் இடுப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நேற்று வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அறைவார் என்று நினைத்தேன், அறைந்தால் தேவலை என்றும் நினைத்தேன். அம்மா நிமிரவே இல்லை.

"அப்ப அவன் இன்னாதான் கேட்டான்?"

"மெல்லிசு கம்பிமா. கம்மி ஹைட்டு. 'எங்க அம்மா ஏறி உக்காரணும்'னான்."

மீன் ஆய்ந்த கை நின்றுவிட்டது. "யாரு, அவனா சொன்னான்?"

"ஆமாம்மா. அதுக்காகத்தான் எங்கிட்ட சண்ட போட்டான்."

"இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். டீக்கடையிலிருந்து ஆரம்பித்து, நீ என்னைத் திட்டிய கெட்ட வார்த்தைகள் உட்பட முழுதும் சொல்லச் சொன்னார். கெட்ட வார்த்தைகளுக்குச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அழ ஆரம்பித்தார்.

ஸ்பிரிங்குக்காக அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "இத்தினி நாளா இத எங்கிட்ட சொல்லாம நீயே வச்சிக்கினு இருந்தியா?"

அம்மா கேட்டது சரிதான், சாலமோன். உன் அம்மாவுக்கு நீ விட்டுப்போன பேச்சு அது. அதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, நீ சொல்லாததைக் கொடுத்திருக்கிறேன்.

மெல்லிய ஸ்பிரிங்குக்குச் சொல்லியாயிற்று. கல்லறைத் திருநாளுக்கு முன்னால் டில்லி மாட்டிவிடுவான். அம்மா தானே காலெடுத்து வைத்து ஏறி வருவார். நீ சொல்லாத ஒரு சொல்லை இனி உன் பெயரில் சொல்லமாட்டேன். நீ அம்மாவைப் பற்றி என்னிடம் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கரைமேல் போகும்போது ஒன்றுவிடாமல் அவரிடம் சொல்லிவிடுவேன்.

தலைகுனிந்தபடி,
உன் மச்சான்
ஏழுமலை