கொஞ்சம் வேகம்

உங்கள் மகன் கார் வாங்கிவிட்டான். பழைய கார்தான், ஆனால் அவன் சம்பாத்தியத்தில் வாங்கியது. போன வெள்ளிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ் கோயிலில் பூசை போட்டோம். ஐயர் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை முன்னால் எடுக்கச் சொன்னார். நசுங்கிய பழமும் டயரும் டீசல் புகையும் கலந்து ஒரு வாசனை வந்தது பாருங்கள். அதில் பாதி நான் வருடக்கணக்காகத் துவைத்த உங்கள் சட்டையின் வாசனை.

கிள்ளானுக்கு வீடு திரும்பும் வழியில் எதிரே வந்த லோரிக்காரன் லைட்டை அடித்துக் காட்டினான். முன்னால் போலீஸ் நிற்கிறது என்று அர்த்தம். உங்கள் மகன் உடனே வேகத்தைக் குறைத்தான். மரத்தடியில் நின்றவர்களைத் தாண்டியதும் மறுபடி மிதித்தான். ஏன்டா என்றேன்.

"ஏழெட்டு கிலோமீட்டர்தான்மா கூட. எல்லாரும் போறதுதான். இது ஒண்ணும் ரெக்லஸ் இல்லலா."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ரெக்லஸ் என்ற அந்த வார்த்தை நம் வீட்டில் எவ்வளவு காலம் குடியிருந்தது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அப்போது அவன் கைக்குழந்தை.

நீங்கள் பேக்டரி பஸ் ஓட்டிய காலம் அது. கிள்ளானில் ஏறும் பெண்களைக் காலை ஷிப்டுக்கு ஷா ஆலத்தில் இறக்கிவிட வேண்டும். ஒருத்தி தலை வாரிக்கொண்டே ஓடி வருவாள். இன்னொருத்தி பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருவாள். நீங்கள் ஒருத்தியையும் விட்டுவிட்டுப் போனதில்லை. நின்று ஏற்றிக்கொண்டு, போன நேரத்தைச் சாலையில் பிடிப்பீர்கள். தாமதமானால் பஞ்ச் கார்டில் நேரம் சிவப்பில் விழும். "மிதிங்கண்ணே, இன்னைக்கும் செவப்பு விழுந்தா சூப்பர்வைசர் கத்துவாரு" என்று பின்னாலிருந்து குரல் கேட்கும். கல்யாணத்துக்கு முன்னால் நானும் அந்த பஸ்ஸில் போனவள்தானே. அப்படிக் கத்தித்தான் உங்கள் கண்ணில் பட்டேன். கண்ணாடியில் பார்த்துச் சிரித்துவிட்டு உண்மையாகவே மிதித்தீர்கள்.

விபத்து நடந்த அன்று தூறல். சிம்பாங்கில், அந்த முச்சந்தியில், திரும்பி ஒரு மோட்டார் சைக்கிள் மெயின் ரோட்டுக்கு வந்தது. நீங்கள் பிரேக் பிடித்தீர்கள், பஸ் நிற்கவில்லை. உங்களைவிடச் சில வயதுதான் சிறியவன் அதை ஓட்டி வந்த பையன். அங்கேயே உயிர் போய்விட்டது.

ரெக்லஸாக, அதாவது அலட்சியமாக, வண்டி ஓட்டி உயிரைப் போக்கியதாக வழக்குப் போட்டார்கள். லாயர் நமக்குத் தைரியம் சொன்னார். லிமிட்டைவிடக் கொஞ்சம்தான் கூட, அது சம்மன் வந்தால் அபராதம் கட்டிவிட்டுப் போகிற தப்பு, அலட்சியம் ஆகாது, வாதாடலாம் என்றார். ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். கேஸ் முடியும்வரை இறந்த பையனின் வீட்டுப் பக்கம் போகக் கூடாது. போனால் தப்பை ஒத்துக்கொண்டதுபோல் ஆகிவிடும்.

நீங்கள் கேட்டீர்களா? பதினாறாம் நாள் காரியத்தன்று வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். "சாவு வீடு புள்ள. போகாம எப்படி இருக்கிறது?" திட்டிக்கொண்டே நானும் கூட வந்தேன். அடிப்பார்கள் என்றுதான் பயந்தேன். பலகை வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்களே தவிர, ஒருவரும் கையை ஓங்கவில்லை. பையனின் அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

"வேகமா வந்தீங்களாப்பா?"

"கொஞ்சம் வேகந்தாம்மா."

"கொஞ்சம்னா எவ்வளவுப்பா?"

அதட்டலாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பீர்கள். அந்த அம்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நீங்கள் வீட்டுக்கு வந்தும் சாப்பிடவில்லை.

கோர்ட்டில் குற்றச்சாட்டைப் படித்து முடித்ததும், லாயர் எழுந்திருப்பதற்குள் "ஒத்துக்கிறேன்" என்றீர்கள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார், நான்தான் சொல்லிக்கொடுத்து அனுப்பியதுபோல. ஜெயிலுக்குப் போனீர்கள். லைசென்ஸ் போனது. திரும்பி வந்து ஒரு பேக்டரி வாசலில் ஜாகாவாக, காவலுக்கு, உட்கார்ந்து, மற்றவர்கள் ஓட்டி வரும் பஸ்களுக்குக் கேட்டைத் திறந்துவிட்டீர்கள்.

எனக்கு ஆறவே இல்லை. தினமும் அதே ரோடு, அதே வேகம். நேற்றுவரை நல்ல டிரைவர், இன்றைக்கு அலட்சியக்காரரா? மழையில் நனைந்து நிற்கிறவர்களுக்காகப் பஸ்ஸைப் பின்னால் எடுத்து வருகிற மனுஷனா அலட்சியக்காரர்? உங்கள் முகத்துக்கு நேராகவே சண்டை போட்டிருக்கிறேன். லாயரை வாதாட விட்டிருந்தால் ஜெயித்திருப்போம் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! நீங்கள் கோபப்பட்டதில்லை. ஒரே ஒரு நாள் மட்டும், "அந்தக் கொஞ்சம் இல்லன்னா பஸ்சு நின்னுருக்கும் புள்ள" என்றீர்கள். நின்றிருக்குமா என்று யாருக்குத் தெரியும்? உங்களுக்கும் தெரியாது. அது தெரியாமலேயே போய்ச் சேர்ந்தீர்கள்.

உங்களை ஹாலில் கிடத்தியிருந்தபோது அந்தப் பையனின் அம்மா வந்தார். யார் சொல்லி அனுப்பினார்களோ தெரியவில்லை. அவருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு என்னை அருகில் கூப்பிட்டார்.

"எம் மவனும் மெதுவா வர்ற ஆளில்லம்மா. அன்னிக்கு வேலைக்கு நேரமாச்சுன்னு பறந்துக்கிட்டுத்தான் போனான். சிம்பாங்குல நின்னுருக்க மாட்டான். இவரு வீட்டுக்கு வந்தப்பவே சொல்லியிருக்கணும். எனக்கு வாய் வரல."

இந்த வார்த்தைக்காக நான் எவ்வளவு ஏங்கியிருக்கிறேன் தெரியுமா? கோர்ட்டில் யாராவது இதைச் சொல்ல மாட்டார்களா என்று கும்பிடாத சாமி இல்லை. கடைசியில் வந்தது, நீங்கள் கேட்க முடியாத நேரத்தில். எனக்கு மனம் குளிரவில்லை. செத்துப்போன பிள்ளையின் மேல் தன் வாயாலேயே பழி சொல்லிவிட்டு அவர் நின்றதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லம்மா. இவருதான் வேகமா வந்தாரு."

உங்கள் தலைமாட்டில் நின்றுகொண்டே அப்படிச் சொன்னேன், அத்தனை வருடம் உங்களுக்காகச் சண்டை போட்டவள். அந்த அம்மா என் தோளில் சாய்ந்து அழுதார். அவர் சொன்னதையும் நான் சொன்னதையும் இன்றுவரை மகனிடம்கூடச் சொல்லாமல் நெஞ்சிலேயே வைத்திருக்கிறேன். அன்று கோர்ட்டில் "ஒத்துக்கிறேன்" என்று உங்களுக்கு ஏன் வாய் முந்திக்கொண்டது என்று எனக்குத் தெரிந்தது அந்த நிமிடத்தில்தான்.