பின்பக்கமாக இறங்கிய படிகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

சிங்கப்பூரிலிருந்து செம்மொழி. உன் முழங்கால் வலி தேவலையா? புற்றுநோய் மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறேன், பயப்படாதே. டாக்டர் சம்மதத்தோடு ஞாயிற்றுக்கிழமை அரை மாரத்தான் ஓடி முடித்தேன்.

மறுநாள் கால் வலியில் படி இறங்க முடியவில்லை. திரும்பி நின்று பின்பக்கமாக இறங்கினேன், வலி குறைந்தது. அறைத்தோழி ராஜாத்தி சிரித்தாள்.

"என்னடி, ரிவர்ஸ்ல போற?"

"எங்கம்மா நடவு நடுறப்ப இப்படித்தான் போவாங்க. அவங்க பின்பக்கமாப் போகப் போகத்தான் வயலே பச்சையாகும்" என்றேன்.

உன் கால் எனக்கு வாய்த்ததே, அது போதும் அம்மா.

வேலைக்கு நேரமாகிவிட்டது. பூதலூர் பிரபு அண்ணன் லீவு முடிந்து வரும்போது, நீ நடவுக்குத் தலையில் கட்டும் துண்டைக் கொடுத்தனுப்பு. தலையை மறைக்க அல்ல, முடி வளர்ந்துவிட்டது. சும்மா, பக்கத்தில் இருக்கட்டும்.

உன் மகள்,
செம்மொழி