பத்தே முக்காலுக்குக் கட்டிய சாக்கு

குஷாய்குடா,
சனிக்கிழமை மத்தியானம்.

என் பிரியமுள்ள மகள் பெர்சிஸுக்கு அப்பா எழுதுவது. தேவனுடைய கிருபையினால் நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், பின்லாந்தில் நீயும் மாப்பிள்ளை ஜாய்சனும் நன்றாக இருக்க வேண்டுமென்று குடும்ப ஜெபத்தில் உங்கள் பேர் சொல்லாத நாளில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனித்திருப்பாய். போனில் சொல்லலாம் என்றால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்பாள், இது இப்போதைக்கு அவள் காதில் விழக்கூடாத விஷயம். அதனால் பேப்பரில் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன். சண்டே ஸ்கூலில் படித்த தமிழ் மறந்துபோச்சு என்று மாப்பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே, நீயே எழுத்துக் கூட்டி வாசி. பாதியில் நிறுத்தி போன் போடவும் வேண்டாம், கடைசி வரைக்கும் படி.

நீ அங்கே வைக்கோலிலும் மரத்தூளிலும் காளான் நூலை வளர்த்து பார்சல் பெட்டி செய்கிறாய். நான் இங்கே கார் ஷெட்டில் அதே வைக்கோலையும் ஜூஸ் கடைக் கரும்புச் சக்கையையும் ஊறவைத்து, வேகவைத்து, கவரில் அடைத்து, விதை போட்டுச் சிப்பிக் காளான் எடுத்து உன் பேரில் பாக்கெட் போட்டுக் கடைக்குக் கொடுக்கிறேன், மூன்று தடவை பறித்தபிறகு மிச்சமாகும் சக்கையைப் பின்பக்கம் குவித்து மட்கவிட்டு நர்சரிக்காரருக்கு எருவாகக் கொடுக்கிறேன். இந்த வீட்டில் எதுவும் வீண்போகாது என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் உட்கார்ந்து அடுத்தவன் செய்ததில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கினவன், என் கண்ணுக்கு ஒன்று தப்புமா என்கிற திமிர். அப்பா, அந்தக் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடுங்க, அதுல முளைக்கிறதெல்லாம் நம்ம காளான் கிடையாது என்று போன மழைக்கே நீ சொன்னாய். அப்பனுக்கே பாடமா என்று சிரித்தேன்.

மாடியில் குடியிருக்கும் ஈரோட்டுப் பிள்ளைகள் பிரசன்னா, அவன் பெண்டாட்டி சுபாஸ்ரீ இரண்டு பேரையும் வீடியோவில் பார்த்திருக்கிறாய். போன வாரம் துணி காயப்போட வந்த சுபாஸ்ரீ, அங்கிள், இங்கயும் குடை குடையா வந்திருக்குதுங்களே, இதையும் பறிச்சுக்கலாமுங்களா என்று குவியல் பக்கமிருந்து கேட்டாள். நான் ஷெட்டுக்குள் இருந்தபடி, எட்டிக்கூடப் பார்க்காமல், நம்ம வீட்டுல முளைக்கிறதெல்லாம் நம்ம காளான்தாம்மா, தாராளமா பறிச்சுக்கோ என்றேன். இதுதான் நான் சொன்ன வார்த்தை, ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை பிரசன்னா ஆபீஸ் போனபிறகு அவள் அதைப் பறித்து வதக்கி தோசைக்குத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டிருக்கிறாள். ஒன்பதரைக்கு ஆன்ட்டி, ஆன்ட்டி என்று மேலேயிருந்து சத்தம். அம்மாவும் நானும் ஓடிப்போய்ப் பார்த்தால் வாந்தி, பேதி, கண் சொருகிக் கிடக்கிறாள், காளான் என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என்ன காளான் என்று டாக்டர் கேட்டார். நம்ம காளான்ல இப்படி ஆகவே ஆகாது சார், வெளியில வேற என்னத்தையோ தின்னிருக்கா என்று நான் அடித்துச் சொன்னேன். எதற்கும் அவள் தின்றதில் ஒன்றைக் கொண்டுவாருங்கள், ஈரலையே அழித்துவிடுகிற ஜாதியெல்லாம் இருக்கிறது, எதுவென்று தெரியாமல் நான் எந்த வாக்கும் கொடுக்க முடியாது என்றார்.

வீட்டுக்கு வந்து ஷெட்டில் ஒரு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு திரும்புகிறேன், குவியல் கண்ணில் படுகிறது. வெள்ளை வெள்ளையாகக் குடைகள், நடுவில் ஐந்து இடத்தில் வெறும் காம்பு, கத்தியால் சீராக அரிந்தது. ஒரு குடையைத் திருப்பிப் பார்த்தேன், அடியிலுள்ள மடிப்பெல்லாம் லேசான பச்சை. மணி பத்தே முக்கால். இது நம்ம காளான் இல்லை பெர்சிஸ். அந்த நேரத்தில் ஒரு மனுஷனுக்கு அந்தப் பிள்ளை ஞாபகம் வர வேண்டும். எனக்கு வந்தது பாக்கெட்டில் ஒட்டுகிற லேபிள். உன் பேர் போட்ட லேபிள். ஜார்ஜ் வீட்டுக் காளானைத் தின்று ஒருத்தி செத்தாள் என்று கடையிலும் கோயிலிலும் பேசப்போகிற பேச்சு. மண்வெட்டியை எடுத்துக் குவியலின் மேல்பாகம் முழுவதையும் இரண்டு சாக்கில் வாரி, வாயைக் கம்பியால் முறுக்கி, கேட் பக்கம் குப்பை வண்டிக்கு வைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் கையில் சிப்பிக் காளான் பாக்கெட்டைக் கொடுத்தேன்.

அவர் அதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அதற்குள் பிரசன்னா அலறியடித்துக்கொண்டு வந்துவிட்டான். பன்னிரண்டரைக்கு அவளுக்கு மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள், அவள் கத்தினது வராந்தா வரைக்கும் கேட்டது. பிறகு ஐசியூவுக்கு மாற்றினார்கள், நிலைமை மோசமானால் வேறு பெரிய இடத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்று பிரசன்னாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். அவன் சுபாஸ்ரீயின் அம்மாவுக்குப் போன் போட்டு, அத்தை, உடனே கெளம்பி வாங்க, ஒண்ணும் சொல்ல முடியாதுங்கறாங்க என்று குழந்தைமாதிரி அழுதான். நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயை மட்டும் திறக்கவில்லை. சீ, இதை எழுதும்போது எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

ஒன்றரை மணிக்கு அவளுக்குக் கொஞ்சம் தெளிந்து, பின்னாடி குவியல்ல பறிச்சேனுங்க என்று நர்ஸிடம் சொல்லிவிட்டாள். நான் பறிக்கச் சொன்னதை அப்போதும் அவள் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று முழுசாகக் கிடைத்தால் போதும், ஓடுங்கள் என்றார் டாக்டர். ஸ்கூட்டரில் பறந்தேன். கேட்டில் சாக்கு இல்லை. நான்கு தெரு சுற்றி மெயின் ரோடு திருப்பத்தில் குப்பை வண்டியைப் பிடித்தேன். கைக்கு அங்கிள், கச்ரா வாபஸ் ஹோனா க்யா, ஏன், குப்பை திரும்ப வேண்டுமா என்று வண்டிக்காரர் சிரித்தார். வண்டியில் ஏறிச் சாக்குகளை இழுத்துப்போட்டுக் கிழித்து நடுரோட்டில் கொட்டினேன். முதல் சாக்கில் எல்லாம் கூழ், என் மண்வெட்டி செய்த வேலை. இரண்டாவதின் அடியில் ஒரே ஒரு குடை நசுங்காமல் கிடந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்ததும், எனக்குக் காளான் வளர்க்கப் பயிற்சி கொடுத்த விவசாயக் கல்லூரி மைதிலி மேடத்தின் நம்பரை என்னிடம் வாங்கி டாக்டர் படம் எடுத்து அனுப்பிப் பேசினார். பச்சை மடிப்புக் குடை, குடலைப் புரட்டிப் போட்டுவிடும், ஆனால் ஈரலைத் தொடாது என்று அந்த அம்மா சொன்னார்கள். டாக்டர் அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். காலையிலேயே இது கையில் இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்குக் குழாயே போட்டிருக்க மாட்டேன் என்றார்.

நேற்று வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம், கஞ்சி இறங்குகிறது. சாக்கு எப்படி வண்டிக்குப் போனது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பிரசன்னா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நீங்க அந்த வண்டியத் தொரத்திப் போகலைன்னா என்ன ஆயிருக்குமுங்க அங்கிள் என்கிறான். அம்மா அதற்கும் மேலே. கர்த்தர் என் வீட்டுக்காரரைக் கொண்டு ஒரு உயிரைக் காத்தார் என்று நாளைக்கு ஆராதனையில் சாட்சி சொல்லப்போகிறாளாம், சபை ஐயரிடம் பேர் கொடுத்துவிட்டு வந்து என் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள்.

இதுவரைக்கும் மத்தியானம் எழுதினது, இனி சாயங்காலம். எழுதினதை ஒருமுறை வாசித்துப் பார்த்தேன், அதற்குமேல் உட்கார முடியவில்லை, எழுந்து மாடிக்குப் போனேன். அம்மா சுபாஸ்ரீக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். மூன்று பேர் முன்னாலும் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை மணிக்குப் பாத்தீங்க என்று பிரசன்னா கேட்டான். பத்தே முக்கால் என்றேன். மறுபடி அவன், நான் அத்தைகிட்ட அழுதப்போ உங்களுக்குத் தெரியுமுங்களா என்றான். தெரியும் என்றேன். சுபாஸ்ரீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கீழே வந்துவிட்டேன்.

அரைமணி கழித்து அம்மா வந்தாள். அவள் கத்தினால் தெருவுக்கே கேட்கும், உனக்குத் தெரியும், கத்தவில்லை. ஐயருக்குப் போன் போட்டு அவள் பேரை எடுத்துவிடச் சொல்லட்டுமா என்று நானே கேட்டேன். நக்கோ, வேணாம் என்றாள். சாட்சி உண்டு, ஆனா நான் சொல்லப்போறதில்ல, இப்ப மேல சொன்னீங்களே, அதை நாளைக்கு நீங்க எந்திரிச்சு நின்னு அப்படியே சொல்லுங்க, நான் முன் பெஞ்சுல இருப்பேன் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கர்த்தர் உங்கள் இரண்டு பேரையும் எந்தத் தீங்கும் அணுகாமல் காத்துக்கொள்வாராக. நாளை இங்கே ஒன்பதரைக்கு ஆராதனை, எழுந்ததும் ஒரு நிமிஷம் எனக்காக முழங்கால்படியிடு. தைராய்டு மாத்திரையை மறக்காதே. மத்தியானம் அம்மாவுக்குப் போன் பண்ணு, அவளோடு பேசி முடித்தபிறகு என்னிடமும் பேசலாம் என்று தோன்றினால் கொடுக்கச் சொல்லு, நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜார்ஜ்