லீபனோன்காரர் கடைச் சாப்பாடு

கருங்கல்,
27 அக்டோபர் 1955.

அன்பு மகன் செல்வதாஸுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய இரக்கத்தால் நானும் அப்பாவும் உன் தங்கை கிரேசியும் இன்றுவரை சுகமாய் இருக்கிறோம், அங்கே குவைத்தில் உன் உடம்பும் மனதும் எப்படி இருக்கிறது என்பதை இந்த முறை நீ உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். எப்போதும் அப்பா கடிதம் எழுதி, அடியில் மிஞ்சின இடத்தில் நான் இரண்டு வரி எழுதுவதுதான் பழக்கம். இது அப்படி அல்ல, அப்பாவுக்குத் தெரியாமல் பள்ளிக்கூட போர்டிங் குசினியில் காய் நறுக்குகிற பலகையில் தாளை வைத்து நானே எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு நின்ற கை, பிழை கண்டால் சிரிக்காதே.

முதலில் வீட்டு விசேஷங்களைச் சொல்லிவிடுகிறேன். மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது, கீழே நட்ட கப்பைக் கிழங்கில் பாதியைப் பெருச்சாளி கொண்டுபோயிற்று, மீதியாவது மிஞ்சுமா என்று தெரியவில்லை. கிரேசிக்குப் பயிற்சிப் பள்ளியில் இது இரண்டாம் வருஷம், கரும்பலகை மங்கலாய்த் தெரிகிறது என்கிறாள், கண்ணாடி போட வேண்டுமாம், கண்ணாடி போட்ட பெண்ணை யார் கட்டுவான் என்று அதற்கும் சேர்த்து ஒரு கவலை. அப்பாவுக்கு இருமல் தேவலை. கிறிஸ்துமஸ் தையல் இப்போதே கடையில் குவிகிறது, இந்த வருஷம் எல்லாருக்கும் காலர் பெரிதாக வேண்டுமாம். ராஜ்ய எல்லை பிரிக்கிற கமிஷன் அறிக்கை வந்ததில் இருந்து சந்தையில் நாம் தமிழ்நாட்டோடு சேரப்போகிற பேச்சுத்தான், ஆனால் அப்பாவின் தையல் கடையில் மட்டும் அதையும் தள்ளிவிட்டு உன் கடிதம்தான் பேச்சு.

அளவு கொடுக்க வந்தவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பார், இவர் டேப்பைத் தோளில் போட்டுவிட்டு உன் கடிதத்தை எடுத்து வாசிப்பார். லீபனோன்காரர் ஓட்டலில் ஒரு மேசைக்கு இருபது சின்னத் தட்டு வருமாம், கொண்டைக்கடலையை வெண்ணெய் போல் அரைத்து நடுவில் குழித்து ஒலிவ எண்ணெய் ஊற்றுவார்களாம், கத்தரிக்காயைச் சுட்டுத் தோலை உரித்துப் பிசைவார்களாம், திராட்சை இலையில் சோற்றை வைத்துச் சுருட்டு மாதிரிச் சுற்றுவார்களாம், ஆட்டிறைச்சியைக் கம்பியில் குத்திக் கனலில் வாட்டுவார்களாம். கடைசியில், “எனக்க பயல் லீபனோன்காரனுக்க ஓட்டல்ல மேசைக்கு முன்ன கசேரயில இருந்து தின்னுதான், நமக்கு இங்க கப்பயும் கருவாடும்தான்” என்று சொல்லிச் சிரிப்பார். உனக்குக் கம்பெனியில் குமாஸ்தா வேலை கிடைத்த அன்றுகூட அவர் முகத்தில் இத்தனை வெளிச்சம் கிடையாது. உபதேசியார் ஏசுஅடிமை ஜிப்பா தைக்க வந்தவர் உட்கார்ந்து முழுக் கடிதத்தையும் கேட்டுவிட்டு, “அங்க கேதுரு மரம் நிக்குதான்னு பயலுக்கிட்ட கேட்டு எழுதும் ரசலையா” என்று அப்பாவிடம் சொன்னாராம். வேதத்தில் வருகிற கேதுரு நிற்பது லீபனோனில், ஓட்டல் இருப்பது குவைத்தில், உன்னைப்போல அந்த மனுஷரும் பிழைப்புத் தேடி வந்து கடை போட்டிருப்பார் என்று நான் சொன்னதற்கு, உனக்கு என்னட்டி தெரியும் என்று அப்பா என் வாயை அடைத்துவிட்டார்.

முதல் தடவை கேட்டபோது எனக்கும் சந்தோஷம்தான். கப்பலேறிப் போன பிள்ளை வகை வகையாய்ச் சாப்பிடுகிறான் என்றால் எந்தத் தாய்க்குக் கசக்கும்? அப்பா கோயில் கூட்டத்துக்குப் போன நேரம் கடிதத்தை எடுத்து நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன், அன்றில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மகனே, நான் இருபது வருஷமாய் இந்தக் குசினியில் சோறு வடித்துப் பாத்திரம் கழுவுகிறவள். சாப்பிடப் போனவன், சாப்பாடு மேசைக்கு எப்படி வந்தது என்று எழுதுவான். நீ பாதிக் கடிதம் அது மேசையில் இருந்து எப்படித் திரும்பிப் போகிறது என்று எழுதியிருக்கிறாய். அரைத்த கடலை தட்டின் ஓரத்தில் காய்ந்துவிட்டால் நகத்தால் சுரண்டினாலும் வராது என்கிறாய். ஒலிவ எண்ணெய் பச்சைத் தண்ணீருக்கு விடாது என்கிறாய். காப்பிக் கிண்ணத்தின் அடியில் சேறுபோல மண்டி தங்கும், கவிழ்த்துத் தட்டினால்தான் போகும் என்கிறாய். பெரிய ஆட்கள் திராட்சை இலையை விரித்துச் சோற்றை மட்டும் தின்றுவிட்டு இலையைத் தட்டிலேயே போட்டுப் போவார்கள் என்கிறாய், வெள்ளிக்கிழமை என்றால் முந்நூறு தட்டுக்குக் குறையாது என்கிறாய். மேசையில் உட்கார்ந்திருக்கிறவன் கண்ணில் இதெல்லாம் படுமா? அப்பா இதையும் வாசித்துவிட்டு, “பயலுக்க கண்ணுக்க கூர்மையப் பாத்தியா” என்கிறார். கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷத்தில் தின்ற தட்டை ஒரு நாள்கூட எடுத்து வைக்காத மனுஷன், அவருக்கு எங்கே தெரியப்போகிறது.

பிறகு கவரைத் தேடி எடுத்துப் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் விலாசத்தை நீ கம்பெனி மிஷினில் டைப் அடித்துத்தான் அனுப்புவாய், தபால்காரர்கூட அதைத் தூக்கிக் காட்டிக்கொண்டுதான் வருவார். மே மாதத்தில் இருந்து வந்த மூன்று கவரும் கையால் எழுதினது. அதுவும் உன் எழுத்தாக இல்லை, பருத்துச் சாய்ந்து கிடக்கிறது. காலை முதல் தண்ணீரிலும் சோடாக்காரத்திலும் ஊறின விரலுக்குப் பேனா சொன்னபடி நிற்காது என்பது எனக்குத் தெரியாதா, வேண்டுமானால் இந்தக் கடிதத்தையே பார்த்துக்கொள்.

போன மாசம் முட்டத்துச் சுந்தர்சிங் லீவில் வந்திருக்கிறான் என்று கேட்டு நானும் அப்பாவும் பழம் வாங்கிக்கொண்டு போனோம். குவைத் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவன், உன்னைக் காணாமல் இருப்பானா? “செல்வதாஸ் சொகமாட்டு இருக்கான் மாமா, ஓட்டலுக்க பொறவாசல்ல வச்சுக் கண்டேன்” என்றான், சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எந்த நேரம் கண்டாய் மக்களே, காலையிலா சாயங்காலமா என்று கேட்டேன், “காலத்த” என்றான். “காலத்த அங்க அவனுக்கு என்ன சோலி” என்று நான் கேட்டதும் அழாத பிள்ளையை அழுகிறது என்று தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். சாயா குடித்து முடிகிறவரைக்கும் வெளியே வரவில்லை. பொறவாசல் என்ற சொல் அப்பாவின் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை, பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஓட்டலைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்.

நீ மேசையில் உட்கார்ந்து சாப்பிடவில்லை, அங்கே தட்டு கழுவுகிறாய். நான் நினைப்பது தப்பென்றால் அம்மாவுக்குப் புத்தி கெட்டுப்போயிற்று என்று எழுது, சந்தோஷமாய் வாங்கிக்கொள்கிறேன். கம்பெனி வேலை எப்படிப் போயிற்று என்று நான் கேட்கவில்லை, உனக்குச் சொல்ல மனம் வரும்போது சொல்லு. தட்டு கழுவுவது வெட்கம் என்று நான் எந்த வாயால் சொல்ல, இந்தக் கையும் அந்த வேலை பார்த்துத்தானே உங்களை வளர்த்தது. ஆனால் ஒரு காரியம் கேள். பக்கத்து வீட்டு ராஜையன் கீரிப்பாறையில் ரப்பர் வெட்டுகிற வேலையை விட்டுவிட்டான், குவைத்தில் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பதிந்து, டிசம்பர் நடுவில் பம்பாயில் கப்பலேறுகிறான். அப்பா அவனைக் கூப்பிட்டு, “எறங்குன அன்னைக்கே எனக்க பயலத் தேடிப் போ, லீபனோன்காரனுக்க ஓட்டல்ல உனக்கு ஒரு நேரம் வயிறு நிறைய வாங்கித் தருவான்” என்று சொல்லிவைத்திருக்கிறார். அவனும் தலையை ஆட்டிக்கொண்டு, கடிதத்தில் வந்த பலகாரங்களின் பேரையெல்லாம் கேட்டுப் போயிருக்கிறான். அவனை எந்த வாசல் வழியாகக் கூட்டிப்போவாய் மகனே? அவனைக் கண்டு ஒளிந்துகொள்ளாதே, அவன் உன்னோடு குளத்தில் குதித்து வளர்ந்தவன், உள்ளதைச் சொல்லு, ஊரில் சொல்லாதே என்றால் சொல்லமாட்டான். அவன் கையில் நார்த்தங்காய் ஊறுகாயும் கருப்பட்டியும் கொடுத்துவிடுகிறேன், கூட ஒரு குப்பியில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் காய்ச்சின தேங்காயெண்ணெய் வரும், அது தலைக்கு அல்ல, வேலை முடிந்ததும் கையைத் துடைத்து விரல் இடுக்கில் பூசு. பூசாமல் விட்டால் வெடித்துப் புண்ணாகும்.

இனி எழுதப்போவதுதான் என்னை அரிக்கிற காரியம். கடிதம் முழுக்க நீ எதற்கும் ருசி எழுதவில்லை. கடலைக்குப் புளிப்பு உண்டா, கத்தரிக்காய்க்கு எரிவு உண்டா, இறைச்சி வெந்திருந்ததா, ஒன்றும் இல்லை. ரொட்டிக்கு மட்டும் எழுதியிருக்கிறாய். ஓரம் காய்ந்துபோனாலும் எண்ணெயும் எலுமிச்சையும் ஊறின இடம் நல்ல ருசி என்று. அடுப்பில் இருந்து வருகிற ரொட்டியில் எண்ணெய் ஊறின இடம் எப்படி வரும்? ஒருவன் பிய்த்து, தொட்டு, கடித்து மீதி வைத்தால்தானே வரும். அதைத் தின்றுதானா நீ நாளைக் கழிக்கிறாய்? வேலை செய்கிறவனுக்குக் கடைக்காரர் ஒரு தட்டு எடுத்து வைக்காமல் இருக்கமாட்டார், நீதான் கேட்காமல் இருப்பாய், பசிக்கிறது என்று சின்னதிலும் நீ கேட்டதில்லை. குமாஸ்தாவாய் இருந்த நாளில் முன்வாசல் வழியாகப் போய் உட்கார்ந்திருப்பாய், அதே இடத்தில் இப்போது சோறு கேட்கக் கூச்சமாக இருக்கும். கூச்சத்தைக் குப்பையில் போடு. உழைக்கிறவன் சோறு கேட்பது பிச்சை அல்ல.

இதற்கு இத்தனை பதற்றமா என்று நினைப்பாய். இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் தாளை மடித்து மடித்து வைத்தேன். சண்டைக் காலத்தில் பர்மா அரிசி நின்றுபோன வருஷம் உனக்குப் பன்னிரண்டு வயது, உன் தம்பி ஜாண்றோஸுக்கு ஆறு. நான் சாயங்காலம் மூடிக்கொண்டு வருகிற சட்டிச் சோறு போர்டிங் பானையில் மிஞ்சினது என்று உங்களிடம் சொன்னேன். அந்த வருஷம் எந்தப் பானையிலும் ஒரு பருக்கை மிஞ்சவில்லை மகனே. அது தட்டில் மிஞ்சினது. போர்டிங்கில் காய்ச்சலும் வயிற்றுக்கடுப்புமாய்ப் படுத்த பிள்ளைகள் தின்ன முடியாமல் வைத்தது. மூன்று தண்ணீரில் அலசி, உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து, கஞ்சியாக்கித் தந்தேன். கொதித்துவிட்டால் ஒன்றும் செய்யாது என்று நினைத்தேன். அந்த ஐப்பசியில்தான் ஜாண்றோஸ் வயிற்றாலே போய் மூன்றே நாளில் நம் கையை விட்டுப் போனான். டாக்டர் கிணற்றுத் தண்ணீர் என்றார், அப்பா கர்த்தருடைய சித்தம் என்றார், நான் வாய் திறக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாய் அப்பாவிடமும் சொல்லவில்லை, முழங்காலில் நின்று ஜெபிக்கும்போதுகூட அதைப் பேர் சொல்லிச் சொல்ல எனக்கு நா எழும்பவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். ஒரு பிள்ளையை எச்சில் சோற்றுக்குக் கொடுத்தவள் கேட்கிறேன் மக்கா, அந்த ரொட்டியைத் தின்னாதே. பட்டினி கிட, இல்லாவிட்டால் கடைக்காரர் முன்னால் போய் நின்று கேள், அதுவும் முடியாவிட்டால் கையை வீசிக்கொண்டு ஊருக்கு வா. பெட்டி இல்லாமல் வந்தாய் என்று ஊர் நாலு நாள் பேசும், அப்பா ஒரு மாசம் கடைப்பக்கம் தலை காட்டமாட்டார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பதிலை வீட்டு விலாசத்துக்கு எழுதாதே, வந்த கையோடு அப்பா அதைக் கடைக்குக் கொண்டுபோய் வாசிக்கத் தொடங்கிவிடுவார். பள்ளிக்கூட போர்டிங் குசினி, ராகேல் என்று எழுது. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, நீ அண்டியிருக்கிற அந்தக் கடைக்காரரின் மனதிலும் உன்பேரில் இரக்கத்தைத் தருவாராக. நீ நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், எனக்கு முன்னால் இனி ஒரு பிள்ளை போகக் கூடாது. வேறொன்றும் எழுத முடியாவிட்டாலும், கடிதம் கிடைத்த அன்று என்ன சாப்பிட்டாய், உனக்கென்று வைத்த தட்டில் சாப்பிட்டாயா என்று அதை மட்டுமாவது எழுதிப் போடு.

உன்னையும் ஜாண்றோஸையும் பெற்ற அம்மா,
ராகேல்.