வியாழக்கிழமை வரி

பிப்ரவரி 2

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் கர்த்தருடைய கிருபையால் சுகம். பாப்பாவுக்கு நேற்றோடு நான்கு மாதம். தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். "அவ நல்லாத்தான் மூச்சு விடுறா. நீதான் விட மாட்டேங்கிற" என்று அவர் கேலி செய்கிறார்.

நீ தைக்கும் சீருடைகளுக்கு அளவு எழுதுகிற அட்டையில் வெட்டி, கிழமைக்கு ஒரு வரியாக நீ எழுதி அனுப்பிய ஜெப அட்டை வந்தது. பிரிட்ஜ் கதவில் மாட்டிவிட்டேன். தினமும் ஜெபிக்கிறேன், கவலைப்படாதே.

உன் குட்டி

பிப்ரவரி 20

என் குட்டிக்கு,

உன் கடிதத்தை மிஷின்மேல் வைத்துத் தைத்துக்கொண்டே படித்தேன். ஒரு பையனின் சட்டைக்கு இரண்டு இடக்கை வைத்துவிட்டேன், போ!

கைக்குழந்தையோடு நெடுநேரம் முழங்காலில் நிற்க முடியாது, எனக்குத் தெரியும். ஐந்து நிமிடம் போதும். ஆனால் வியாழக்கிழமை வரியை மட்டும் விட்டுவிடாதே. நீயும் கேட்கிறாய் என்றால் எனக்குத் தெம்பு.

அக்கா

மார்ச் 3

அன்பு அக்காவுக்கு,

பாப்பாவுக்கு இரண்டு நாளாகச் சளி. டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போவார்.

வியாழனையும் விடவில்லை அக்கா. இதோ அழுகிறாள், பிறகு எழுதுகிறேன்.

உன் குட்டி

ஏப்ரல் 4

என் குட்டிக்கு,

போன வாரம் வயிற்றைத் திறந்தார்கள். பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்கள். கட்டி எல்லா இடத்திலும் வேர் விட்டிருக்கிறதாம். இனி எத்தனை மாதம் என்று நான் கேட்கவில்லை.

பக்கத்துப் படுக்கைக்காரி, "கூடப்பொறந்தவளுக்குச் சொல்லலியா?" என்றாள். "அவளுக்கு முதல்லயே தெரியும். பதறாம தினமும் ஜெபம் பண்றா" என்றேன். தும்மினாலே டாக்டரிடம் ஓடுகிறவள், ஒரு கேள்விகூடக் கேட்காமல் என்னைக் கர்த்தர் கையில் விட்டிருந்தாய். அதை நினைத்துத்தான் பயமில்லாமல் போய்ப் படுத்தேன்.

பாப்பாவுக்கு முத்தம்.

அக்கா

ஏப்ரல் 7, வியாழன்

அக்கா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. எந்தக் கட்டி, எனக்கு எப்படித் தெரியும் என்று புரியாமல் பிரிட்ஜுக்கு ஓடினேன். பாப்பாவுக்குப் பால் கொடுத்த நேரங்களை எழுதும் தாளை உன் அட்டைமேலேயே மாட்டியிருந்தேன். அட்டை வந்த அன்றே. அதைக் கழற்றிய பிறகுதான் படித்தேன்:

"வியாழன்: என் வயிற்றில் கட்டி. எனக்குப் பயமாக இருக்கிறது. வாயால் சொன்னால் அழுதுவிடுவேன். குட்டி, நீயும் கேள்."

ஒன்பது வியாழக்கிழமை போய்விட்டது அக்கா. ஒரு நாளைக்கு எட்டு முறை, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் குடித்தாள் என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கிறேன். உனக்காக ஐந்து நிமிடம் இல்லை. ஜெபிக்கிறேன் என்று எழுதியதெல்லாம் பொய். நாளைக்குப் படிக்கலாம், குளிக்க வைத்துவிட்டுப் படிக்கலாம் என்று ஒவ்வொரு நாளும் தள்ளினேன். நான் பதறாமல் இருந்தது விசுவாசத்தால் அல்ல, தெரியாததால்.

இதை உன்னிடம் சொல்லலாமா என்று காலையிலிருந்து தவிக்கிறேன். நீ பிடித்துக்கொண்டிருக்கிற கொம்பையே நான் முறிக்கிறேன். ஆனால் இன்னொரு பொய்யை எழுதிவிட்டுக் கர்த்தர் முன்னால் போய் எப்படி நிற்பேன்?

பாப்பாவைப் பக்கத்தில் கிடத்திவிட்டு முழங்காலில் நின்றேன். உன் வரியையே வாசித்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. அதற்குமேல் எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை ரயிலில் அவளைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று ஜெபித்தேன். எழுந்து, மறுபடி முழங்கால் போட்டு, வராமலே போகட்டும் என்றும் ஜெபித்தேன்.

குட்டி